திருப்பியின் விளிம்பு

வார்ப்பிரும்பு வாணலி வாங்கிய முதல் மூன்று மாதங்களில் ஒரு முட்டையைக்கூட நான் முழுசாகத் தட்டில் இறக்கியதில்லை. வெள்ளைக்கரு வெந்து, ஓரம் பொன்னிறமாகும். வாணலியை லேசாக ஆட்டினால் முட்டை வழுக்கி நகரக்கூடச் செய்யும். அடியில் ஒட்டவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனாலும் திருப்பியை அடியில் கொடுத்ததும் ஓரம் சுருண்டு, நடுவில் மடிந்து, மஞ்சள்கரு உடைந்து வழிந்துவிடும். வாணலி இன்னும் பழகவில்லை என்று முடிவு கட்டினேன். எண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவிச் சூடாக்கி என்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. முட்டை உடைவது நிற்கவில்லை.

அப்போது அக்கா சில நாள் தங்க வந்திருந்தாள். தன் சமையல் சாமான்கள் சிலவற்றை எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகிறவள். அவளுடைய மெல்லிய எவர்சில்வர் திருப்பி ஒன்று பாத்திரம் கழுவும் இடத்தில் கிடந்தது. கைக்கு வந்ததை எடுத்து முட்டைக்கு அடியில் விட்டேன். காகிதத்தின் கீழே விரலை நுழைப்பதுபோல உள்ளே போனது. முட்டை முழுசாக எழுந்து வந்தது. அதே வாணலி, அதே அடுப்பு, அதே எண்ணெய். மாறியது திருப்பி மட்டும்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவுகோலால் அளந்தேன். என்னுடையது கறுப்பு நைலான். அதன் விளிம்பு 3 மில்லிமீட்டர் தடிமன். அக்காவுடையது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பரவி வெந்த வெள்ளைக்கருவின் ஓரமே 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதே உயரமுள்ள ஒரு சுவரைக் கொண்டுபோய் அதன்மேல் முட்டினால் அது மடங்காமல் வேறு என்ன செய்யும்? மூன்று மாதமாக நான் முட்டையைத் தூக்கவே இல்லை, தள்ளிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து கரண்டி, திருப்பி எதை வாங்கப் போனாலும் நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். நிறம், கைப்பிடி, பெயர் எல்லாம் அப்புறம். வாணலிக்கு அடியும் கருவிக்கு விளிம்பும் சந்திக்கிற அந்த மெல்லிய கோட்டில்தான் சமையலில் பாதி நடக்கிறது. வாணலியைப் பற்றி மாதக்கணக்கில் படித்து, விசாரித்து, தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். அதற்குள் போகிற கருவியை மட்டும் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

விளிம்பு மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. அது வாணலியின் அடியில் முழு நீளத்துக்கும் படிய வேண்டும். இங்கேதான் வாணலியின் சுவர் குறுக்கே வருகிறது. தட்டைக்கல்லில் இந்தச் சிக்கல் கிடையாது. கையை எவ்வளவு தாழ்த்தினாலும் தடுக்க ஒன்றுமில்லை. வாணலியில் அப்படி முடியாது. சுவர் 5 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையின் ஓரம் சுவரிலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வளைவே இல்லாத நேரான திருப்பியைச் சுவருக்கு மேலாக உள்ளே விட்டால், அது சுமார் 35 டிகிரி சாய்வில்தான் முட்டையைத் தொட முடியும். அந்தச் சாய்வில் எவ்வளவு மெல்லிய விளிம்பும் கோடரி மாதிரி இறங்குமே தவிர அடியில் நுழையாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தகட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு முழங்கை மடிப்பு. கைப்பிடி சுவருக்கு மேலே உயர்ந்து நிற்க, தகடு அடியில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். இரண்டாவது, வளைந்துகொடுக்கிற தகடு. மேலிருந்து அழுத்தும்போது முன்பகுதி வளைந்து அடியோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல திருப்பிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மடிப்பு எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் வாணலியின் சுவரைப் பொறுத்தது. சுவர் வெளிப்பக்கம் நன்றாகச் சரிந்திருந்தால் கொஞ்சம் போதும். செங்குத்தாக நிற்கிற சுவர் என்றால் நிறைய வேண்டும். உங்கள் வாணலியின் சுவர் உயரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு போனால், மேசையில் அந்த உயரத்துக்கு ஏதாவதொன்றை நிறுத்தி, அதைத் தாண்டித் தகடு தட்டையாகப் படிகிறதா என்று பார்த்தே வாங்கிவிடலாம்.

அகலமும் இப்படித்தான். பெரிய தகடு இருந்தால் பெரிதாகத் தூக்கலாம் என்று தோன்றும். ஆனால் வாணலியின் வாயை அளந்து சொல்லும் 26 சென்டிமீட்டர் வேறு, சுவர் சரிந்து இறங்கிய பிறகு உள்ளே மிஞ்சுகிற தட்டையான அடி வேறு. அடி பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் சுற்றித்தான் இருக்கும். அதற்குள் ஒரு மீன் துண்டும் அதைத் திருப்பிப் போடுவதற்கான இடமும் வேண்டும். 7, 8 சென்டிமீட்டர் அகலத் தகடுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது. சிறிய வாணலிக்கு அதுவே அதிகம்.

மீனைச் சொன்னதும் மீன் திருப்பியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. நீளமான, மெல்லிய எவர்சில்வர் தகடு. அதில் நீளவாக்கில் பிளவுகள். நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பெயர்தான் மீன் திருப்பி. முட்டை, உருளைக்கிழங்குத் துண்டுகள், இறைச்சி எல்லாவற்றுக்கும் நான் எடுப்பது அதைத்தான். பிளவுகள் வழியாக எண்ணெய் வடிகிறது. அதைவிட முக்கியம், அந்தப் பிளவுகளால் தகடு எடை குறைந்து சுலபமாக வளைகிறது. முன்விளிம்பு நேராக இல்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதும் காரணத்தோடுதான். உள்ளே நுழையும்போது முழு விளிம்பும் ஒரே நேரத்தில் முட்டாமல், ஒரு மூலை முதலில் புகுந்து மற்றது பின்தொடரும்.

நான் முதன்முதலில் வாங்கிய மீன் திருப்பியை அக்காவிடம் பெருமையாகக் கொடுத்தேன். இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “ஏன்டி, இது என் கையில மட்டும் கோணலாப் போகுது?” என்றாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். அந்தச் சரிவு வலதுகைக்காரர்களுக்காக வெட்டப்பட்டது. அவள் பிடித்தால் விளிம்பு அடியோடு படியாமல் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. இடதுகைக்கென்று எதிர்ப்பக்கம் சரிவு வைத்ததும் செய்கிறார்கள். தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் இடதுகைக்காரர் இருந்தால், அவர் திருப்புவது சரியாக வரவில்லை என்று சொல்வதற்கு முன் கருவியை ஒருமுறை பாருங்கள்.

வார்ப்பிரும்பில் இரும்புக் கருவியே படக்கூடாது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் அதை நம்பித்தான் நைலான் வாங்கினேன். அது தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பழகிய வாணலியின் கறுப்புப் படலம் வர்ணம் பூசினது போன்றதல்ல. எண்ணெய் சூட்டில் கெட்டியாகி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரும்பைப் பற்றிக்கொண்ட படலம் அது. மெல்லிய உலோக விளிம்பு அதன்மேல் தட்டையாக வழுக்கினால் ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால், சரியாகப் பிடிக்காமல் மேலே கரியாகப் படிந்த துகள்களை அது சுரண்டி எடுத்துவிடும். உறுதியான படலம் மட்டும் நிற்கும். மணல் அச்சில் வார்த்த வாணலிகளின் சொரசொரப்பு, தட்டையான உலோகத் திருப்பியோடு பழகப் பழக மேடுகள் சமன்பட்டு, பள்ளங்களில் எண்ணெய்ப் படலம் நிறைந்து, வழுவழுப்பாகிக்கொண்டே போகும். கீறிவிட்டாலும் பயமில்லை. எண்ணெய் தடவிச் சூடாக்கினால் மறுபடி படலம் வந்துவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. திருப்பியின் மூலைகள் கூராக இருக்கக்கூடாது. விளிம்பு வழுக்கும், மூலை தோண்டும். அதுவும் அடியும் சுவரும் சந்திக்கிற வளைவில் கூர்மூலை போய் இடித்தால் படலத்தோடு பெயர்த்துவிடும். மூலை மழுங்கி உருண்டிருக்க வேண்டும். அந்த உருட்டலும் வாணலியின் உள்வளைவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

எவர்சில்வர் வாணலி வேறு கதை. அதில் ஒட்டும். ஒட்டுவதுதான் அதன் சிறப்பே. இறைச்சியின் புரதம் சூடான உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் நீர் வற்றி, சிவந்து, பொருக்குக் கட்டியதும் பிடி தளர்ந்து தானாகவே விடும். அந்தச் சிவப்புக்குக் காரணமான வினையை 1912-இல் லூயி-கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தார். சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது வேகமாக நடக்கிறது. அது முடியும் முன்பே திருப்பியை விட்டுச் சுரண்டினால், நல்ல பகுதி வாணலியிலும் கிழிந்த பகுதி தட்டிலும் வந்து சேரும். ஆகவே எவர்சில்வரில் நான் முதலில் ஒரு ஓரத்தை மட்டும் திருப்பியின் நுனியால் லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். விடவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு இன்னும் ஒரு நிமிடம் கழித்து வருவேன். இந்த ஒரு நிமிடத்தை எந்தத் திருப்பியாலும் ஈடுகட்ட முடிந்ததில்லை.

இறைச்சியை எடுத்த பிறகு அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் அந்தச் சமையலின் சாரம். கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூட்டோடு சூடாகச் சுரண்டினால் குழம்பாக இறங்கும். இந்த வேலைக்கு மரக்கரண்டியை எடுப்போம். ஆனால் உருண்டை முனையுள்ள மரக்கரண்டி அடியைத் தொடுவது ஒரு புள்ளியில்தான். முழு அடியையும் சுரண்ட நூறு தடவை இழுக்க வேண்டும். நுனி நேராக வெட்டப்பட்ட மரத்துடுப்பு ஒரே இழுப்பில் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வழித்துக்கொண்டு வரும். ஒரு பக்க மூலை மட்டும் உருண்டிருந்தால் சுவரோர வளைவுக்கும் அதுவே போதும். என் சமையலறையில் மிக அதிகமாக உழைப்பது எது என்று கேட்டால் அந்தத் துடுப்பைத்தான் காட்டுவேன்.

மரத்தில் எது என்ற கேள்விக்கு என் பதில்: நெருங்கிய இழை உள்ள கெட்டி மரம். மேப்பிள், பீச், செர்ரி, ஆலிவ் எல்லாம் நல்லவை. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் ஈரத்தைத் தாங்கும். மென்மரத்தில் செய்தது சீக்கிரம் இழை பிரிந்து நார்நாராக நிற்கும். மூங்கில் மரமே அல்ல, புல் வகை. லேசாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் பல துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்தது என்றால் ஈரத்திலும் சூட்டிலும் ஒட்டு விடும். ஒரே துண்டில் செதுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள்.

மரத்தின் பெரிய வரம் அது சூட்டைக் கடத்தாதது. எவர்சில்வர் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் மரம் கடத்துகிறது. வாணலியிலேயே சாய்த்துவைத்து மறந்துபோனாலும் கைப்பிடி சுடாது. மரம் கிருமியைச் சேர்க்கும் என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டீன் கிளிவர் என்ற நுண்ணுயிரியலாளர் வெட்டுப்பலகைகளை வைத்துச் சோதித்தார். மரத்துக்குள் உறிஞ்சப்பட்ட பாக்டீரியா பெருகாமல் படிப்படியாக மடிவதைக் கண்டார். பலகையும் துடுப்பும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனால் கழுவி, நன்றாகக் காயவைத்தால் மரத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்ற தைரியம் எனக்கு அதிலிருந்து வந்தது. தண்ணீரில் ஊறப்போடுவதும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதும்தான் மரத்துக்கு ஆகாது. முதல் சில கழுவலில் இழை எழும்பிச் சொரசொரப்பாகும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கெட்டுப்போகாத கனிம எண்ணெயைத் தடவிவிட்டால் அப்புறம் எழும்பாது. சமையல் எண்ணெயைத் தடவினால் நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும்.

இனி நான்ஸ்டிக். ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1938-இல் குளிர்பதன வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, உருளைக்குள் வாயுவுக்குப் பதிலாக வழுவழுப்பான வெள்ளைத் தூள் இருந்ததைக் கண்டார். அதுதான் பின்னாளில் டெஃப்லான் என்று பெயர் பெற்றது. 1954-இல் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் அதை அலுமினியத்தில் ஒட்டவைக்கும் வழியைப் பிடித்து, மனைவி சொன்ன யோசனைப்படி வாணலியில் பூசினார். 1956-இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. எதுவுமே ஒட்டாத ஒரு பொருளை உலோகத்தில் ஒட்டவைத்ததுதான் அங்கே நடந்த அதிசயம். அந்தப் பிடி எவ்வளவு மெல்லியது என்பதை நினைத்தால், அதன்மேல் உலோகத்தை வைக்க எனக்கு மனம் வராது. பூச்சு பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. உலோகக் கருவிக்கும் தாங்கும் என்று எழுதி விற்கிறார்கள். தாங்கலாம். ஆனால் கீறினால் வார்ப்பிரும்பைப் போல வீட்டிலேயே சரிசெய்துகொள்ள வழியில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். முட்கரண்டியால் வாணலியிலேயே குத்தித் தின்பது, கத்தியால் வாணலியிலேயே வெட்டுவது, இரண்டும் அந்தப் பூச்சின் ஆயுளை அன்றைக்கே முடித்துவைக்கும்.

நான்ஸ்டிக்குக்கு என் தேர்வு சிலிகோன். பூச்சைக் கீறாத மென்மை, 200 டிகிரியைத் தாண்டியும் உருகாத திடம், இரண்டும் சேர்ந்து கிடைப்பது அதில்தான். ஆனால் இங்கேயும் விளிம்புதான் பிரச்சினை. சிலிகோன் தன்னளவில் தொய்வானது. மெல்லியதாகச் செய்தால் துவண்டுவிடும், கெட்டியாகச் செய்தால் முட்டைக்கு அடியில் போகாது. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், தகட்டின் நடுவைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். உள்ளே எஃகோ கெட்டியான வேறொன்றோ முதுகெலும்பாக ஓட வேண்டும். அது விளிம்புக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட, கடைசி ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெறும் சிலிகோனாக, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். அப்படிப்பட்டது கிடைத்தால் விடாதீர்கள். கூரானது எதுவும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிகோனில் ஒரு சின்ன வெட்டு விழுந்தால் அங்கிருந்தே கிழிந்துகொண்டு போகும். வெங்காய வாடையையும் சோப்பு வாடையையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு குறை. வாசனையில்லாத சோப்பில் கழுவினால் பாதி தீரும்.

இப்போது அந்தக் கறுப்பு நைலான். எனக்கு அதன்மேல் கோபம் வந்ததற்கு முட்டை மட்டும் காரணமில்லை. ஒருநாள் வாணலியின் ஓரத்தில் அதைச் சாய்த்துவைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது விளிம்பு அலையலையாக நெளிந்து, ஒரு மூலை இழுபட்டு நூலாக நின்றது. உருகியதில் கொஞ்சம் எங்கே போயிருக்கும் என்று யோசித்ததும் வெங்காயத்தையும் எண்ணெயையும் கொட்டிவிட்டேன். நைலான் 6 என்ற வகை சுமார் 220 டிகிரியில் உருகும். நைலான் 66 சுமார் 260 வரை தாங்கும். கடைப் பொருளில் எந்த வகை என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. நன்றாகச் சூடேறிய வாணலியின் அடி 220-ஐச் சர்வசாதாரணமாகத் தொடும்.

உருகுவதற்கு முன்பே நடப்பதும் உண்டு. ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் ஓர் அறிவுரை சொன்னது. நைலான் உள்ளிட்ட பாலிஅமைடு கருவிகளிலிருந்து சிறு மூலக்கூறுகள் சூடான உணவில் கலக்கக்கூடும். ஆகவே 70 டிகிரிக்கு மேற்பட்ட உணவோடு அவற்றின் தொடர்பை முடிந்தவரை சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றது. 70 டிகிரி என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கே வெகு கீழே. வாணலிச் சமையலில் அதைவிடக் குறைந்த சூடு எங்கே இருக்கிறது?

அப்புறம் 2024 அக்டோபரில் ஒரு செய்தி உலகத்தையே சுற்றி வந்தது. கெமோஸ்ஃபியர் என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை அது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் செய்த 203 பொருட்களைச் சோதித்து, புரோமின் (சில தீத்தடுப்பு ரசாயனங்களில் இருக்கும் தனிமம்) அதிகமாக இருந்த 20-ஐ விரிவாக ஆராய்ந்ததில், 17-இல் தீத்தடுப்பு ரசாயனங்கள் இருந்தன. கணினி, தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றின் கறுப்பு உறைகளை மறுசுழற்சி செய்யும்போது அந்த ரசாயனம் சமையல் கருவி வரைக்கும் வந்துவிடுகிறது என்பது விளக்கம். பலர் அன்றே கரண்டிகளைத் தூக்கிப் போட்டார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு கணக்குப் பிழை இருந்தது. அந்த ரசாயனங்களில் ஒன்றான BDE-209 என்பதற்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 7,000 நானோகிராம் வரை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 4,20,000 வர வேண்டும். கட்டுரையில் 42,000 என்று இருந்தது. ஒரு சுழியம் விட்டுப்போயிற்று. கருவிகளிலிருந்து உடலுக்குள் போகக்கூடியதாக அவர்கள் மதிப்பிட்டது நாளொன்றுக்கு 34,700. 42,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரம்பை எட்டிப்பிடிப்பதுபோலத் தெரியும். 4,20,000-க்குப் பக்கத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜோ ஷுவார்ட்ஸ் இதை எடுத்துக்காட்டினார். டிசம்பரில் ஆய்விதழ் திருத்தம் வெளியிட்டது. தங்கள் முடிவு மாறவில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். தேவையே இல்லாத ரசாயனம் உணவுக் கருவியில் இருக்கக்கூடாது என்பது அவர்கள் பக்கம்.

நான் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். அலறியடித்துத் தூக்கிப்போடும் அளவுக்கு அபாயம் இல்லை என்பது கணக்கைத் திருத்திப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் எதிலிருந்து வந்தது என்று தெரியாத, சூட்டில் நெளிகிற, விளிம்பு 3 மில்லிமீட்டர் இருக்கிற ஒன்றை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நச்சுக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சமையலுக்கு உதவுகிறதா என்று மட்டும் கேட்டாலே நைலான் தோற்றுவிடுகிறது. மெலமைன் கரண்டிகளும் இதே வரிசைதான். பரிமாறலாம், சூடான வாணலிக்குள் விடக்கூடாது.

எனாமல் பூசிய வாணலி வைத்திருப்பவர்களுக்கு இரண்டே செய்திகள். எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. உலோகக் கரண்டி உரசினால் சாம்பல் நிறக் கோடுகள் விழும். அவை பெரும்பாலும் கீறல் அல்ல, கரண்டியின் உலோகம் பென்சில்போல எழுதிவிட்டுப் போனது. மென்மையான தேய்ப்புப் பொடியால் துடைத்தால் போய்விடும். உண்மையான ஆபத்து, கரண்டியில் ஒட்டியதை உதற வாணலியின் விளிம்பில் ‘டக் டக்’ என்று தட்டுவது. கண்ணாடி உரசலைப் பொறுக்கும், அடியைப் பொறுக்காது. மரமோ சிலிகோனோ போதும்.

இடுக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய இறைச்சித் துண்டைத் திருப்ப, பக்கவாட்டில் நிறுத்திச் சிவக்கவைக்க அதுதான் தோது. நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். ரொம்ப நீளமானது வாணலிக்குக் கட்டுப்படாது. மீனுக்கு மட்டும் இடுக்கி வேண்டாம்.

கைப்பிடியில் நான் பார்ப்பது மூன்று. ஈரக்கையோடு பிடித்தால் வழுக்குகிறதா. தகடு கைப்பிடியோடு சேரும் இடத்தில் இடுக்கு இருக்கிறதா, இருந்தால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு குடியேறிவிடும். கைப்பிடி உள்ளீடற்றது என்றால் மூட்டு நன்றாக அடைபட்டிருக்கிறதா, இல்லையென்றால் கழுவும் தண்ணீர் உள்ளே போய்ச் சமைக்கும்போது சொட்டும். இன்னொன்றும் உண்டு. சிறிய வாணலியில் கனமான கைப்பிடியுள்ள திருப்பியைச் சாய்த்து வைத்தால் அது தானாகவே புரண்டு வெளியே விழும். தகடும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தால் எடை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இப்போது என் அடுப்புப் பக்கத்துக் குவளையில் நிற்பவை நான்கு. மீன் திருப்பி, நேர்நுனி மரத்துடுப்பு, சிலிகோன் திருப்பி, ஓர் இடுக்கி. முன்பு பதினொன்று இருந்தன. அவசரத்தில் கை எப்போதும் தவறானதையே எடுக்கும்.

அக்காவுக்கு இடதுகைத் திருப்பி கடைசிவரை கிடைக்கவில்லை. அதனால் நேரான முன்விளிம்புள்ள, பிளவு வைத்த எவர்சில்வர் திருப்பி ஒன்றை வாங்கி நானே செய்தேன். சரிவை எதிர்ப்பக்கமாகப் பேனாவால் வரைந்துகொண்டு, தட்டை அரத்தால் ஒரே திசையில் ராவினேன். கோடு வரை வந்ததும் இரண்டு மூலைகளையும் உருட்டினேன். பிறகு தகட்டின் மேல்பக்கத்தை மட்டும் சரிவாகத் தேய்த்து விளிம்பை மெல்லியதாக்கினேன். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் வாணலியில் படியும். கடைசியில் விளிம்பு நெடுகிலும் பிசிறு நிற்கும். அதை விரலால் தடவிப் பார்க்காமல் பஞ்சால் இழுத்துப் பார்த்தேன். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, எங்குமே சிக்காமல் வரும்வரை விடவில்லை. ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது.

அடுத்த முறை வந்தபோது அக்கா அதை இடதுகையில் வாங்கி, வெறும் வாணலியில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். “இப்ப மூலை தூக்கலடி” என்றாள். அன்று இரவு மீனை அவள்தான் திருப்பினாள். தோல் முழுசாக வந்தது.